கார்ட்டர் உதவியாளர் இல்லை

ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மறுபடி முழுக்கதையும் சொல்லப் போவதில்லை. அறிவியல் புனைவுத் தொடர்களின் தலைவர்களை வரிசைப்படுத்திய அந்தப் பட்டியலில், ஸ்டார்கேட் எஸ்ஜி-1 தொடரின் சமந்தா கார்ட்டரின் பெயர் 'உதவியாளர்கள்' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அவர் மூளை, மிட்செல் தலைமை" என்று பதில் வந்தது. மிட்செல், கார்ட்டரின் அணிக்குப் பிறகு வந்தவர். நாலு பேர் சிரித்தார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து 'ஒரு டிவி தொடருக்குப் போய் இவ்வளவு கோபமா' என்று தனிச்செய்தி வந்துகொண்டே இருக்கிறது. ஆமாம், இவ்வளவு கோபம்தான்.

கார்ட்டர் உதவியாளர் இல்லை. ஸ்டார்கேட் எஸ்ஜி-1 தொடங்கிய 1997-லேயே அவர் அமெரிக்க விமானப்படை அதிகாரி. வானியற்பியலாளர், கூடவே வளைகுடாப் போரில் எதிரி வான்பரப்பில் நூறு மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். முதல் கதையின் முதல் கூட்டத்திலேயே அவர் அதைச் சொல்ல வேண்டி வருகிறது, ஏனென்றால் அந்த அறையிலும் சிரித்தார்கள். மூன்றாவது சீசனில் மேஜர். எட்டாவது சீசனில் லெப்டினன்ட் கர்னல். அதுவரை அணித் தலைவராக இருந்த ஓ'நீல் ஜெனரலாகி தளத்தின் பொறுப்புக்குப் போனதும், 2004-ல், வேறு கிரகங்களுக்குப் போய்வரும் எஸ்ஜி-1 அணி முறைப்படி கார்ட்டரின் கையில் வந்தது. அணியின் மற்ற இருவர், டேனியலும் டீல்க்கும் அவருக்குக் கீழே. யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்த பொறுப்பு இல்லை அது. ஏழு வருடம் அந்த அணியில் இருந்து, படிப்படியாக ஏறி வாங்கியது.

அடுத்த வருடம் மிட்செல் வருகிறார். அவரும் லெப்டினன்ட் கர்னல். அதே ரேங்க். கொஞ்ச நாள் இல்லாமலிருந்து கார்ட்டர் திரும்பி வந்தபோது அணி மிட்செலுடைய அணியாகியிருந்தது.

'மிட்செலை முறைப்படி நியமித்தார்களே' என்பது முதல் கேள்வி. நியமித்தார்கள், யார் மறுத்தார்? ரேங்க் சமமாக இருந்தாலும் யாருக்குப் பொறுப்பு தரப்பட்டதோ அவரே தலைவர் என்பது ராணுவத்தில் உள்ளதுதான். ஆனால் ஒரே ரேங்க்கில் இருவர் இருந்தால், யார் முதலில் அந்தப் பதவி உயர்வு பெற்றார் என்று தேதி பார்க்கும் வழக்கமும் அதே ராணுவத்தில் உள்ளது. நாள் கணக்கில்கூடப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட ஓர் உலகத்தில், முந்தைய வருடம் அணியை நடத்தியவர் திரும்பி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால், அதைப் பற்றி உட்கார்ந்து பேச ஒரு முழுக் கதை வேண்டாமா? எனக்குத் திருப்தி தரும்படி அதை அந்தத் தொடர் பேசவே இல்லை.

பேசத் தெரியாத தொடரும் இல்லை அது. விமானப்படையின் ஒத்துழைப்போடு எடுத்தது. அப்போதைய விமானப்படைத் தலைமைத் தளபதிகள் மைக்கேல் ரயனும் ஜான் ஜம்பரும் தங்கள் சொந்தப் பாத்திரங்களாகவே வந்து நடித்திருக்கிறார்கள். யாருக்கு யார் சல்யூட் வைக்க வேண்டும் என்பதில் அவ்வளவு கவனம் இருந்த இடத்தில் இது மட்டும் எப்படி நழுவியது?

'நடிகை பிரசவ விடுப்பில் போனார், அதனால்தான்' என்று ஒருவர் ரொம்பப் பொறுமையாக எனக்கு விளக்கினார். எனக்குத் தெரியாததா? கார்ட்டராக நடித்த அமாண்டா டாப்பிங் ஒன்பதாவது சீசனின் தொடக்கத்தில் இல்லாததற்கு அது காரணம். சரி. திரும்பி வந்த பிறகும் தலைமை திரும்பாததற்கு அது எப்படிக் காரணமாகும்? விடுப்பு என்றால் விடுப்பு. நாற்காலியை எழுதிக்கொடுத்துவிட்டுப் போவதற்கா பெயர் விடுப்பு?

இங்கே என் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், என் மேலதிகாரி வேறு பிரிவுக்குப் போனதும் குழு என்னிடம் வந்தது. பதினொரு மாதம் நடத்தினேன். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, ஆறு வாரம் விடுப்பு எடுத்தேன். திரும்பி வந்தபோது என் மேசைக்கு எதிரே ஒருவர் இருந்தார். என் பதவிதான் அவருக்கும். நல்ல மனிதர், இன்றுவரை அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. "இரண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கோங்க" என்றார்கள். முதல் வாரம் எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாவது வாரம் கூட்டத்தில் கேள்விகள் அவரைப் பார்த்து வந்தன, அவர் என்னைப் பார்த்தார், நான் பதில் சொன்னேன், நன்றி அவருக்குப் போனது. மூன்றாவது மாதம் கூட்டத்துக்கே என்னைக் கூப்பிடவில்லை. "உங்களுக்கு வேலை அதிகமா இருக்கேன்னுதான்" என்றார்கள். என் பதவியை யாரும் குறைக்கவில்லை. சம்பளச் சீட்டில் அதே பதவி, அதே எழுத்துகள்.

அன்று எனக்குப் புரிந்தது இதுதான்: ரேங்க் கொடுப்பது வேறு, தலைமை கொடுப்பது வேறு. முன்னதைத் தாராளமாகக் கொடுப்பார்கள்.

"அவர் மூளை, மிட்செல் தலைமை" என்று கேட்டபோது எனக்கு அந்த எதிர்மேசை ஞாபகம் வந்தது. அதனால்தான் எழுந்து வந்தேன்.

'தொடர்களில் யாரும் ரேங்க் பார்ப்பதில்லை' என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். பார்க்கிறார்கள், நன்றாகவே பார்க்கிறார்கள். பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவில் அட்மிரல் கெய்ன் வந்து இறங்கியதும் என்ன நடக்கிறது? அடாமா அப்போது கமாண்டர்தான், அட்மிரலுக்குக் கீழே. கதாநாயகன், நமக்கு அவ்வளவு பிடித்தவர், ஒரு வார்த்தை பேசாமல் அவருக்குக் கீழே போகிறார். பிறகு வெடிக்கும் எல்லாமே அந்த ஒரு படி வித்தியாசத்திலிருந்து வெடிப்பவை. ரேங்க்கை நம்பி எழுதினார்கள், அந்தத் தொடரின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று கிடைத்தது. ஸ்டார் ட்ரெக்கில் டேட்டா என்ற ஆண்ட்ராய்டுக்கு ஒரு கப்பலின் தற்காலிகப் பொறுப்பு கிடைக்கும்போது, ஓர் இயந்திரத்தின் கீழ் வேலை செய்ய விருப்பமில்லை என்று அந்தக் கப்பல் அதிகாரி ஹாப்சன் முகத்துக்கு நேரே முரண்டுபிடிப்பார். டேட்டா குரலை உயர்த்தி அடக்குவார். ஆண்ட்ராய்டுக்குக்கூட அந்தக் காட்சி எழுதப்பட்டது.

கவனிக்காமல் விட்டதும் உண்டு. ஸ்டார் ட்ரெக் வாயேஜரில் ஹாரி கிம் ஏழு சீசனும் என்சைன், அதிகாரிகளில் கடைசிப் படி. நடுவில் டாம் பாரிஸ் கட்டளையை மீறி, பதவி இறக்கப்பட்டு, சிறையிலிருந்து, மறுபடி பதவி உயர்வும் வாங்கிவிடுகிறார். கிம் அங்கேயே நிற்கிறார். அதற்கும் எனக்குக் கோபம் உண்டு. ஆண் என்பதால் அவரை விட்டுவிடவில்லை.

அதேபோல, பெண் என்பதால் எல்லாவற்றையும் ஆதரிக்கிறேன் என்பவர்களுக்கு: ஸ்டார் ட்ரெக் டிஸ்கவரியில் என்சைன் டில்லியைத் தற்காலிகத் துணைத் தலைவராக்கியபோது அது தவறு என்று இதே பக்கத்தில் எழுதியவள் நான். கப்பலில் மூத்த அதிகாரிகள் இத்தனை பேர் இருக்க, அவர்களும் அதை ஆதரிக்கிறார்கள். இன்றும் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்று என்னைப் பாராட்டியவர்கள் சிலர்தான் ஞாயிற்றுக்கிழமை சிரித்தார்கள்.

இன்னொன்று. "ஆரம்பத்தில் கார்ட்டர் வெறும் கேப்டன்தானே, ஸ்டார் ட்ரெக்கின் கிர்க்கும் கேப்டன், அப்போது சமமா?" என்று ஒரு கேள்வி வந்தது. விமானப்படை கேப்டன் வேறு, கப்பல் கேப்டன் வேறு. ஸ்டார் ட்ரெக் கடற்படை வரிசையைப் பின்பற்றுவது, அங்கே கேப்டன் என்றால் விமானப்படையில் முழுக் கர்னல். கார்ட்டர் 2007-ல் முழுக் கர்னலாகி, ஸ்டார்கேட் அட்லாண்டிஸ் தொடரில் அட்லாண்டிஸ் தளத்தின் தலைவரானபோது கிர்க், பிக்கார்ட் போன்ற ஸ்டார் ட்ரெக் கேப்டன்கள் எல்லாருக்கும் சமமான படியில்தான் நின்றார். ஒரு நகரம் முழுக்க அவர் பொறுப்பில்.

அதுவும் ஒரே சீசன். கதைக்குள் மேற்பார்வைக் குழு அவரை எடுத்துவிட்டு வூல்சி என்பவரைப் போட்டது. டாப்பிங் தன் சொந்தத் தொடரான சாங்ச்சுவரிக்குப் போனார், அது அவர் முடிவு, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் எண்ணிப் பாருங்கள். எஸ்ஜி-1 தலைமை, ஒரு சீசன். அட்லாண்டிஸ் தலைமை, ஒரு சீசன். பிறகு ஸ்டார்கேட் யூனிவர்ஸ் தொடரில் ஜார்ஜ் ஹாமண்ட் கப்பலின் தளபதியாக வருகிறார், அங்கே விருந்தாளி. பத்து வருடத்துக்கு மேல் அந்தக் கதையைத் தோளில் சுமந்தவருக்கு நாற்காலி வந்ததெல்லாம் வந்த வேகத்தில் போனது. எனக்குப் பதினொரு மாதம்.

மிட்செல் எனக்குப் பிடிக்காதவர் இல்லை, பென் பிரவுடர் நன்றாகவே நடித்தார். மிட்செலே தன் அணியில் மற்றவர்களை மதிப்பவர்தான். என் எதிர்மேசைக்காரரும் அப்படித்தான் இருந்தார், தினமும் எனக்கு முதலில் வணக்கம் சொல்வார். அதனால் என்ன மாறியது?

பட்டியலைப் போட்டவர் இதைப் படிப்பார் என்று தெரியும். உங்களுடன் எனக்குப் பல வருடப் பழக்கம், ஆகவே நேராகவே கேட்கிறேன். அந்த 'உதவியாளர்கள்' வரிசையிலிருந்து கார்ட்டரின் பெயரை எடுத்துவிடுங்கள். எந்த இடத்தில் வைப்பது என்பது உங்கள் விருப்பம், கடைசியில் வைத்தாலும் பரவாயில்லை, தலைவர்கள் வரிசையில் வையுங்கள். அது நடக்கும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிட வேண்டாம்.