நோயில் குறைந்த மதிப்பெண்ணை எங்கே சொல்வது?

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். உடம்பு முடியாமல் மதிப்பெண் சரிந்த பிள்ளைகள் அதையே விண்ணப்பத்தின் முதன்மை எஸ்ஸேயாக (தன்னைப் பற்றி எழுதும் கட்டுரை) எழுதலாம் என்கிறார் கட்டுரையாளர், எனக்கு அது சரியாகப் படவில்லை. இங்கே நியூஜெர்சியில் என் மகள் பத்தாம் வகுப்பில் மூன்று மாதம் படுத்த படுக்கை, இரண்டு பாடத்தில் சி. பல கல்லூரிகளுக்கும் ஒரே விண்ணப்பமாக அனுப்பும் காமன் ஆப் தளத்தில் இதைச் சொல்லக் கூடுதல் தகவல் பகுதி இருக்கிறதே (650 சொல்லாக இருந்ததை 2025-ல் 300 ஆக்கிவிட்டார்கள்), அங்கே எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று நாலே வரி, புலம்பல் இல்லாமல். மீதியைப் பள்ளி ஆலோசகர் கல்லூரிக்கு அனுப்பும் தன் கடிதத்தில் சொன்னால்தான் எடுபடும், அதனால் கோடை விடுமுறைக்கு முன்பே போய்ப் பேசிவிடுங்கள், அக்டோபரில் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பதினொன்றாம் வகுப்பில் மதிப்பெண் ஏறியிருந்தால் அதுவே பாதி பதில். ஊரில் அண்ணன் மகனுக்கு டெங்கு வந்தபோது இந்த வசதியெல்லாம் ஏது, பொறியியல் கலந்தாய்வில் 200-க்குக் கட்-ஆஃப் எவ்வளவு, அவ்வளவுதான். அப்புறம், மகள் எஸ்ஸே எழுதியது தாத்தாவோடு செஸ் ஆடுவதைப் பற்றி.