அந்த மோரிஸ் மைனரை விட்டுவிடுங்கள்

சமூக ஊடகத்தில் சுற்றும் அந்தப் படத்தை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கோயில் வாசலில், பூக்கடைக்குப் பக்கத்தில் நிற்கும் சாம்பல் நிற மோரிஸ் மைனர், அந்தக் காலத்து கார். வி.ஏ. நம்பர் பிளேட்டைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். "விண்டேஜ் பதிவு வண்டியில் ஊர் சுற்றுகிறார்கள், யாரும் கேட்க மாட்டீர்களா?" என்று மேலே ஒரு வரி. பகிர்கிறவர்கள் எல்லாம் ஏதோ கடத்தலைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி பேசுகிறார்கள். அந்த வண்டிக்காரப் பெரியவரை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன், கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

விதி தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தம் இது. 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் பழைய வடிவிலேயே இருக்கும் டூவீலரும் காரும் விண்டேஜ் என்று பதிவாகலாம். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிந்தால் மாநில எழுத்துக்குப் பின் வி.ஏ. வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். அப்புறம் புதுப்பிக்க 5,000. இது வரைக்கும் நல்ல விதிதான், வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் கண்காட்சி, ஆய்வு, பழைய வண்டிகளின் பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாமாம். வழக்கமான உபயோகம் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது.

வாடகைக்கு விடக் கூடாது, சரி. தினமும் ஆபீஸுக்கு ஓட்டாதே, அதையும் ஒத்துக்கொள்கிறேன். எப்போதாவது ஒரு வெள்ளிக்கிழமை மனைவியை உட்காரவைத்துக் கோயிலுக்குப் போய்வருவது வழக்கமான உபயோகமா? ஓட்டினால்தானே ஐயா வண்டி பிழைக்கும்?

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருந்தது, வண்டலூர் பக்கம் இருந்த ஆலையில் செய்த வண்டி. ஹெரால்டின் பானட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். திறந்துவிட்டு அப்பா முன் டயர் மேலேயே உட்கார்ந்து, இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் பாயின்ட்டைச் செட் செய்வார், நான் டார்ச் பிடிப்பேன். அவருக்கு வெளியூர் மாற்றல் வந்ததும் வண்டி தார்ப்பாய்க்குள் போனது. திரும்பி வந்து பிரித்தால், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் நான்கும் ஜாம். டேங்கில் பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டர் ஜெட்டில் பிசினாகப் படிந்திருந்தது. ஒயரிங்கை எலி தின்றிருந்தது. புதுப்பேட்டையிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன், "ஓட்டித் தேஞ்சிருந்தா நான் பாத்துக்குவேன் சார், நிறுத்தியே கெடுத்துட்டீங்களே" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை.

"பராமரிப்புக்கு ஓட்டலாம் என்று விதியிலேயே இருக்கிறதே" என்று சிலர் கிளம்புவீர்கள். இருக்கிறது. பிரேக் சரிபார்க்கப் போகிறாரா, சாமி கும்பிடப் போகிறாரா என்று யார் தீர்மானிப்பது? ரோட்டில் நிறுத்துகிறவரா, செல்போனில் படம் எடுக்கிறவரா? சூடு ஏறும்வரை ஓட்டி, பிரேக் பிடித்துப் பார்த்து, வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவதுதான் பராமரிப்பு. வழியில் கோயில் இருந்தால் இறங்கிக் கும்பிடக் கூடாதா?

"அப்படியானால் சாதாரணப் பதிவிலேயே ஓட்டிக்கொள்ளட்டும்" என்பது அடுத்த கேள்வி. அந்தப் பதிவை 15 வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து, 20 வயது தாண்டிய காருக்கு அந்தக் கட்டணமே 10,000 ரூபாய். பழைய வண்டியை வைத்திருக்காதே என்று ஒரு பக்கம் நெருக்குவது, விண்டேஜுக்கு வந்தால் ஓட்டாதே என்பது. மனுஷன் எங்கேதான் போவான்?

ஜெர்மனியில் 30 வயதான வண்டிக்கு நம்பரின் கடைசியில் 'எச்' எழுத்து கொடுக்கிறார்கள். 1997 முதல் இருக்கும் முறை. அந்த வண்டியைத் தினமும் கூட ஓட்டலாம். புகைக்கட்டுப்பாடு உள்ள நகரப் பகுதிகளுக்குள்ளும் விடுகிறார்கள். பிரிட்டனில் 40 வருடம் தாண்டினால் சாலை வரியே கிடையாது. அங்கேயும் காற்று இருக்கிறது, அங்கேயும் மனிதர்கள் மூச்சு விடுகிறார்கள். புகையைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இவ்வளவுதான் என் பதில். ஒரு மோரிஸ் மைனர் கோயிலுக்குப் போய்வந்துதான் சென்னைக் காற்று கெட்டதென்றால் என்னால் அதற்கு மேல் பேச முடியாது.

எனக்கு உண்மையில் வலித்தது வேறு. "பணக்காரர்களின் விளையாட்டு" என்று கீழே ஒருவர் எழுதியிருந்தார், அதற்கு அத்தனை விருப்பக்குறி. மகாராஜா வீட்டு ரோல்ஸ் ராய்ஸுக்கு டிரைவர் உண்டு, ஷெட் உண்டு, பேரணிக்கு லாரியில் ஏற்றிப் போவார்கள். அந்த வண்டியை இந்த விதி ஒன்றும் செய்யாது. அடிபடுவது ஹெரால்டும் ஃபியட்டும் மோரிஸும்தான். குமாஸ்தாவும் வாத்தியாரும் தவணை கட்டி செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிகள். அந்தப் பெரியவர் ஓய்வுபெற்ற வாத்தியார். வீல் சிலிண்டர் ரப்பரை அவரே மாற்றுவார், கை நடுங்கினாலும் வேறு யாரையும் தொட விடமாட்டார். என் அப்பா இறந்த வாரத்திலேயே "ஹெரால்டை எடைக்குப் போடறீங்களா" என்று வாசலில் வந்து ஒருவர் கேட்டார். இவர்களின் வண்டி எல்லோருக்கும் எப்போதும் இரும்பாகத்தான் தெரிகிறது.

"விதி என்றால் விதிதான், உணர்ச்சிவசப்படாதீர்கள்" என்று இன்பாக்ஸில் வந்த தம்பிக்கும் சொல்கிறேன். விதியை மீறு என்று நான் யாருக்கும் சொல்லவில்லை, விதியை மாற்று என்கிறேன். வணிக உபயோகத்துக்குத் தடை இருக்கட்டும். சொந்த உபயோகத்துக்கு வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு வைக்கட்டும், ஓடோமீட்டரைப் பார்த்துக்கொள்ளட்டும். ஓட்டவே கூடாது என்பது எந்த வண்டியையும் காப்பாற்றாது.

படம் போட்டவர் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறார். பெயர் சொல்லவில்லை. அதை நீக்கிவிடுங்கள் சார். கீழே வந்த கமென்ட்டுகளைப் பேத்தி படித்துக் காட்டியதிலிருந்து பெரியவர் வண்டியை எடுக்கவில்லை, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டார்.