பாம் பாம்னா என்ன அர்த்தம்?

(கோடம்பாக்கம் மேம்பாலம், சாயங்காலம் ஆறரை. எழும்பூரில் தஞ்சாவூர் வண்டியைப் பிடிக்க வேண்டியவர், மடியில் பையோடு ஆட்டோவில்.)

பயணி: ஏம்ப்பா, எல்லாரும் நிக்கிறாங்க. அப்புறம் எதுக்கு ஹாரன்?

ஆட்டோக்காரர்: அது பேச்சு சார். இப்போ 'பிப்பிப்'னு ரெண்டு தட்டு தட்னான் பாருங்க, 'நானும் இருக்கேன்'னு அர்த்தம்.

பயணி: இருக்கட்டுமே, யாரு வேணாம்னா?

ஆட்டோக்காரர்: பஸ்காரர் அடிச்சா 'வர்றேன்'. தண்ணி லாரி அடிச்சா 'வந்துட்டேன்'. அதுக்கெல்லாம் அர்த்தம் கேட்டுட்டு நிக்கக் கூடாது, ஒதுங்கிடணும்.

(நீளமாக ஒரு ஊதல்.)

பயணி: இவன் யாருய்யா, கையை எடுக்கவே மாட்டேங்கிறான்?

ஆட்டோக்காரர்: அது கீழ போற பீச் ட்ரெயின் சார். இந்த ஏரியாவுல காரணத்தோட அடிக்கிறது அது ஒண்ணுதான்.

(பாலம் இறங்கி, சிக்னல்.)

பயணி: பச்சைக்கு இன்னும் அஞ்சு செகண்ட் இருக்கு, அதுக்குள்ள கத்துறாங்களே!

ஆட்டோக்காரர்: அதான் சார் வசதி. நான் சிக்னலைப் பார்த்தே பல வருஷமாச்சு. பின்னாடி கத்துனா பச்சை.

பயணி: 2020ல மும்பை போலீஸ் ஒண்ணு பண்ணாங்க. சத்தம் 85 டெசிபல் தாண்டினா, சிவப்பு மறுபடி மொதல்லேர்ந்து எண்ணும்.

ஆட்டோக்காரர்: இங்க வெச்சா நீங்க பொங்கலுக்குத்தான் ஊர் போய்ச் சேருவீங்க.

பயணி: இப்பவே அப்படித்தான் தெரியுது. நீ ஏன்ப்பா அடிக்கவே மாட்டேங்கிற? அடி!

ஆட்டோக்காரர்: ஆஸ்பத்திரி சார், போர்டைப் பாருங்க. 100 மீட்டருக்கு அடிக்கக் கூடாது. புடிச்சா 1,000 ரூபா, மறுபடி புடிச்சா 2,000. மீட்டருக்கு மேல இருபது கேட்டதுக்கே நீங்க அந்தப் பேச்சு பேசினீங்க...

(ஆஸ்பத்திரி தாண்டியது. முன்னால் ஒரு பைக், நடு ரோட்டில், போன் பேசியபடி. பயணி எட்டி, டிரைவர் தோளுக்கு மேலே கையை விட்டு ஹாரனை அமுக்குகிறார். பாஆஆஆம்!)

ஆட்டோக்காரர்: இன்னா சார் இப்படிப் பண்ணிட்டீங்க! ரெண்டு தட்டு தட்டியிருந்தா 'கொஞ்சம் வழி விடுங்க'. இவ்ளோ நேரம் அமுக்கினா 'உங்கப்பன் ரோடா'ன்னு அர்த்தம். அதோ, ஸ்டாண்ட் போட்டு எறங்கிட்டாரு.

பயணி: ஐயையோ! 'தெரியாம அடிச்சிட்டேன், மன்னிச்சுக்கோங்க'ன்னு சொல்ல எப்படி அடிக்கணும்?

ஆட்டோக்காரர்: அது ஒண்ணுக்குத்தான் சத்தம் இல்ல சார். பையை மூஞ்சிக்கு நேரா புடிச்சுக்கோங்க.