ஷீல்டு யார் கைக்குப் போனது?

ஞாயிற்றுக்கிழமை விருது விழா மேடையில் நடந்ததை எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். எங்கள் பனியன் தொழிலில் ஆறு மெஷினில் ஆரம்பித்து இன்று நாற்பது மெஷின் ஓட்டுகிற பெண்ணுக்கு விருது. பெயரைக் கூப்பிட்டதும் மேடைக்குப் போனார். ஷீல்டைக் கொடுத்ததோ அவர் வீட்டுக்காரர் கையில். "மனைவியைத் தொழில் செய்ய அனுமதிச்ச பெரிய மனசு" என்று கைதட்டச் சொன்னார்கள். இதைப் பற்றி இரண்டு வரி எழுதியதற்கு எனக்கு வந்த பதில்: "முதல்ல பொண்ணுங்களுக்கு ரிஸ்க் எடுக்கிற தைரியம் வரட்டும்."

தைரியம் இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். எங்களுக்கு இல்லாதது சொத்துப் பத்திரம். எங்களுக்கு இல்லாதது தொழில் கூட்டு.

திருப்பூரில் யாரும் முழு ஃபேக்டரியோடு தொழில் ஆரம்பிப்பதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல், செக்கிங், அயனிங் எல்லாம் வேறு வேறு இடம். அதில் ஒரு கண்ணியைப் பிடித்தால் போதும். கொஞ்சம் முதல் வேண்டும், அதைவிட "நம்ம பையன்" என்று நம்பி முப்பது நாள் கடனுக்குச் சரக்கு கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆளை எங்கே பிடிப்பது? பங்காளி வீட்டு விசேஷத்தில், கல்யாண மண்டபத்து வாசலில், டீக்கடையில். அதே மண்டபத்துக்குள் நாங்களும்தான் இருக்கிறோம், பந்தி பார்த்துக்கொண்டு.

என் அப்பா கட்டிங் மாஸ்டராக இருந்து முதலாளியானவர். மச்சானோடு கூட்டு. முதல் மெஷின்கள் வந்தது அம்மாவின் பதினான்கு பவுனை அடகு வைத்து. கம்பெனிக்கு வைத்தது என் பெயர். ராத்திரி பீஸ் செக்கிங் பார்த்ததும், வேலை செய்தவர்களுக்குச் சோறு ஆக்கியதும் அம்மா. அவருக்குச் சம்பளமும் இல்லை, பங்கும் இல்லை. "ஆம்பளைங்களும் கஷ்டப்பட்டுத்தான் வந்தாங்க" என்பவர்களுக்கு: ஆமாம், அப்பாவின் உழைப்பில் ஒரு துளியையும் நான் குறைத்துப் பேசவில்லை. அம்மாவின் உழைப்பு எந்தக் கணக்கில் இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

"இப்போ சட்டம் சமம்தானே?" சரி. தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989-லேயே வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் 2005-ல்தான் வந்தது. எனக்குக் கல்யாணம் 2001-ல். சட்டம் என் பக்கம்தான் இருந்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். "நகை போட்டாச்சு, சீர் செய்யறோம், அப்புறம் என்ன?" என்றார்கள். அந்த நகையும் பிறகு என் வீட்டுக்காரரின் முதல் தொழிலுக்கு அடகுக்குப் போனது. நான் எழுதிக் கொடுத்த காட்டை, அதாவது எங்கள் விவசாய நிலத்தை, அடமானம் வைத்து அண்ணன் எம்பிராய்டரி மெஷின் இறக்கினார். அதே வருடம் நான் கடன் கேட்டுப் போன வங்கியில், "ஈடு என்னம்மா இருக்கு? வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். இதில் எனக்கு எங்கே தைரியம் குறைந்தது?

சிறு தொழில்களுக்கான முத்ரா கடன் திட்டம் இருக்கிறது, 2016-லிருந்து 2025 வரை ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் இருந்தது, பெண்களுக்குப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை கடன் என்றார்கள். இருக்கட்டும். பெண் பெயரில் பதிவான கம்பெனிகளில் எத்தனையில் அந்தப் பெண் கையெழுத்து மட்டும் போடுகிறாள்? என் அத்தை மகளுக்குத் தன் கம்பெனியின் கணக்கு வழக்கு முதன்முதலில் தெரிந்தது செக் ரிட்டர்ன் வழக்கில் சம்மன் வந்த அன்று. செக் புக் முழுக்க முன்கூட்டியே கையெழுத்து போட்டு வைத்திருந்தாள். லாபம் வந்தபோது அவள் முதலாளி இல்லை.

பெண்கள் இரவில் ஃபேக்டரியில் வேலை செய்யக் கூடாது என்ற 1948 தொழிற்சாலைகள் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-லேயே ரத்து செய்துவிட்டது. ஆனாலும் ஷிப்மென்ட் நேரத்தில் நான் இரவு பதினொரு மணி வரை எங்கள் யூனிட்டில் இருந்தால், மறுநாள் அதைப் பற்றி என் வீட்டுக்காரரிடம்தான் கேட்கிறார்கள்.

"அப்படின்னா பங்கு கேட்க வேண்டியதுதானே?" இந்தக் கேள்விதான் என்னைச் சுடுகிறது. கேட்கலாம். கேட்ட மறுநாள் பிறந்த வீடு இருக்காது. என் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் நாற்காலி காலியாக இருக்கும். அண்ணனுக்கு அந்த நாற்காலி தானாக வருகிறது, காடும் தானாக வருகிறது. நான் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அண்ணன் கெட்டவர் இல்லை. தீபாவளிக்குத் தவறாமல் சேலை எடுத்துத் தருவார். இத்தனை வருடமாக அந்தச் சேலையை வாங்கும்போதெல்லாம் அந்தக் கையெழுத்து ஞாபகம் வருகிறது. அவருக்கு வருமா என்று தெரியவில்லை.

விருது வாங்கிய பெண்ணிடம் நேற்று பேசினேன். "உடுங்கக்கா, ஷீல்டு ஊட்டுக்குத்தான வந்துச்சு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. விட மாட்டேன் கண்ணு. அது உன் கைக்கு வந்திருக்க வேண்டும்.

போன மாதம், எங்கள் யூனிட் ஷெட் இருக்கும் எட்டு சென்ட்டை மகன், மகள் இருவர் பெயரிலும் சமமாக எழுதி வைத்தோம். என் வீட்டுக்காரர் மறுபேச்சு இல்லாமல் கையெழுத்து போட்டார். என் மாமியார் இன்னும் என்னோடு பேசவில்லை.