எம்டிஎஸ் எண்ணிக்கையைக் கூட்டினால் போதாது

பல கணினிகளில் கோப்புகளைப் பிரித்து வைக்கும் செஃப் (Ceph) கோப்பு முறைமையில், டைரக்டரி, கோப்புப் பெயர் விவரங்களைக் கவனிக்கும் சர்வரான எம்டிஎஸ்-ஐ (MDS) மூன்றாக்கினால் சுமை தானே பிரிந்துவிடும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. பாளையங்கோட்டைக் கல்லூரி லேப்களில் இதைப் படிப்பவர்கள் அப்படியே நம்பி இறங்க வேண்டாம். கன்னடியன் கால்வாயில் மடை வைக்காமல் வயலுக்குத் தண்ணீர் ஏறுமா?

புதிய பதிப்புகளில், எம்டிஎஸ்களிடையே சுமையைப் பிரிக்கும் தானியங்கிச் சமன்படுத்தல் இயல்பிலேயே அணைந்திருக்கும். அதை இயக்கிவிட்டாலும், சுமை ஏறி இறங்கும் இடங்களில் ஒரே டைரக்டரி ரேங்க் (வேலையில் இருக்கும் எம்டிஎஸ்-இன் எண்) மாறி மாறி அலையும். மாற்றுகிற வேலையே பெரும் சுமையாகிவிடும். எந்த டைரக்டரி எந்த ரேங்கில் இருக்க வேண்டும் என்று கையால் பின் செய்வதே (கட்டிவைப்பதே) நல்லது. டைரக்டரியின் 'ceph.dir.pin' பண்புக்கூறில் ரேங்க் எண்ணைக் கொடுங்கள். ரேங்க் 0-இலிருந்து தொடங்கும், உள்ளே இருப்பவை அதையே பின்பற்றும், -1 கொடுத்தால் பின் நீங்கிவிடும்.

மாணவர் ஹோம் டைரக்டரிகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றாகப் பின் செய்யாதீர்கள். தாய் டைரக்டரியில் 'டிஸ்ட்ரிபியூட்டட்' பின்னை (ceph.dir.pin.distributed) 1 ஆக்கினால் நேரடிக் குழந்தைகள் ரேங்குகளிடையே பரவிவிடும்.

பலர் இடறுவது ரீநேமில்தான். தற்காலிகமாக எழுதும் டைரக்டரி ஒரு ரேங்கிலும், கோப்பு போய்ச்சேரும் டைரக்டரி இன்னொன்றிலும் இருந்தால் இரண்டும் பேசி முடித்துத்தான் பெயர் மாறும், வேகம் படுத்துவிடும். இரண்டையும் ஒரே ரேங்கில் வையுங்கள்.

எம்டிஎஸ் நினைவகத்தில் வைத்திருக்கும் கேஷின் வரம்பு இயல்பாக 4 ஜிபி. அது இலக்குதான், கடுவரம்பு அல்ல; ரேமில் கூடுதல் இடம் விடுங்கள். ஓர் எம்டிஎஸ் விழுந்தால் அதன் இடத்தை எடுக்கும் ஸ்டாண்ட்பை ஒன்றாவது தனியே இருக்கட்டும்.