பில்லி எங்கும் தப்பிப் போகவில்லை

ஆங்கில எழுத்தாளர் பாரி ஹைன்ஸ் 1968இல் எழுதிய 'எ கெஸ்ட்ரல் ஃபார் எ நேவ்' நாவலை, "வல்லூறு வளர்த்துச் சுரங்க ஊரிலிருந்து தப்பித்த சிறுவனின் வெற்றிக் கதை" என்று ஒருவர் பரிந்துரைத்திருக்கிறார். தவறு. தயவுசெய்து அப்படிப் பரிந்துரைக்காதீர்கள்.

குதிரைப் பந்தயத்தில் கட்டச் சொல்லி அண்ணன் ஜட் கொடுத்த காசை, கதையின் நாயகனான சிறுவன் பில்லி கட்டவில்லை. குதிரைகள் ஜெயித்துவிடுகின்றன. அந்த ஆத்திரத்தில் ஜட், பில்லி வளர்த்த வல்லூறைக் கொன்று குப்பைத்தொட்டியில் வீசுகிறான். பில்லி அதை எடுத்துப் புதைத்துவிட்டு, வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறான். நாவல் அங்கேயே முடிகிறது. இந்த நாவலை வைத்து இயக்குநர் கென் லோச் 1969இல் எடுத்த 'கெஸ்' படத்தின் முடிவும் புதைப்பதுதான்.

சுரங்கத் தொழிலாளியின் மகனான ஹைன்ஸ் படித்து ஆசிரியரானவர். அந்த வாழ்க்கையைப் பில்லியின் கதையோடு சேர்த்து, பரிந்துரைத்தவர் குழப்பிக்கொண்டாரோ என்று நினைக்கிறேன்.

பில்லிக்கு எந்தக் கதவும் திறப்பதில்லை. வல்லூறு பழக்கும் புத்தகம் கேட்டு நூலகத்துக்குப் போகிறான். உறுப்பினரா என்று கேட்கிறார்கள், படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள், கை அழுக்காக இருக்கிறது என்கிறார்கள். கடைசியில் ஒரு கடையிலிருந்து அந்தப் புத்தகத்தைத் திருடி வந்து வரி விடாமல் படிக்கிறான். பள்ளியில் ஒன்றுக்கும் உதவாதவன் என்று பெயரெடுத்த பையன் அவன். எனக்கு நெஞ்சை அடைத்த இடம் அதுதான்.