ஃப்ளாக்னா வெறும் திட்டு இல்லைங்க

உங்க கட்டுரைல ஃப்ளாக் (flak)ங்கற இங்கிலீஷ் வார்த்தைக்கு ‘கடும் விமர்சனம்’னு ஒரே வரில அர்த்தம் சொல்லிட்டு போயிட்டீங்க, அது எங்கிருந்து வந்துச்சுன்னும் சொல்லியிருக்கணும். அது ஜெர்மன்காரங்க வார்த்தை. ஃப்ளீகர்அப்வேர்கனோனே, அதாவது விமானத்தை அடிக்கிற பீரங்கி, அந்த நீளப் பேரோட சுருக்கம்தான் ஃப்ளாக். ரெண்டாம் உலகப்போர்ல அவங்க 88 மில்லிமீட்டர் பீரங்கி ரொம்ப பிரபலம், குண்டு நேரா விமானத்துல படணும்னுகூட அவசியம் இல்ல, டைம் ஃபியூஸ் வச்சிருப்பாங்க, குறிச்ச உயரத்துல வெடிச்சு இரும்புத் துண்டா நாலாபக்கமும் சிதறும், சுத்தி கருப்பு புகை, அதுக்குள்ளதான் பைலட் ஓட்டிட்டு போகணும். திட்டுங்கற அர்த்தம் 1960கள்ல அமெரிக்காவுல பரவினது.

அதனால ஒருத்தர் இன்னொருத்தரைத் திட்டுறதுக்கு இதைப் போடுறது எனக்கு சரியா படல. எங்க நீலகிரில 2024 மே 7ல வெளியூர் வண்டிங்களுக்கு இ-பாஸ் ஆரம்பிச்சாங்களே அதை எடுத்துக்கங்க, ஐகோர்ட் உத்தரவு, ஆனா கடைக்காரங்க, காட்டேஜ்காரங்க, டாக்ஸி ஓட்டுறவங்க, கீழருந்து வர்ற டூரிஸ்ட்னு எல்லா பக்கமும் சத்தம், கல்லார் செக்போஸ்ட்ல செல்போனை வாங்கி பாஸ் பாத்துட்டு நின்ன ஊழியர்தான் பாவம் அத்தனையும் வாங்கிக்கிட்டார். அதுக்குப் பேருதான் ஃப்ளாக்.

அப்புறம் ஸ்பெல்லிங்ல ‘k’ எழுத்துக்கு முன்னாடி ஒரு ‘c’ சேர்த்து flackனு போட்டிருக்கீங்க. டிக்‌ஷனரில அதுவும் இருக்கு, ஆனா அப்படி எழுதினா பிரஸ் ஏஜென்ட், அதாவது ஒருத்தருக்காகப் பத்திரிகைல விளம்பரம் தேடித் தர்றவர்னும் ஒரு அர்த்தம் வரும், ‘c’ இல்லாமலே போடுங்க.